ஒரு கையின் விலை: பேஸ்போல் அணிகள் பிட்சர் தேடிய குளிர்காலங்கள்

ஒக்டோபர் கடைசியில் உலகத் தொடர் முடிந்ததும் அமெரிக்க பேஸ்போல் செய்திகளில் ஒரே கதைதான் ஓடும். இந்த அணிக்கு ஒரு ஸ்டார்ட்டர் தேவை, அந்த அணிக்கு பிட்சிங்கில் 'டெப்த்' காணாது, இன்னொரு அணி யாரை வாங்கலாம் எண்டு தேடுது. மைதானத்தில் பனி கொட்டும் மாதங்களில், ஒரு பந்துகூட எறியப்படாமலேயே நடக்கிற ஒரு விளையாட்டு இது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பேஸ்போலில் பந்து எறிபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடக்கி வைப்பவர் ஸ்டார்ட்டர். எங்கட ஆட்டத்தில் ஐந்து பேர் மாறி மாறி ஓவர் போடுவினம். அங்கே ஒரே ஆள் தொடர்ந்து ஐந்து, ஆறு இனிங்ஸ் எறிய வேண்டும். அப்படி எறிந்தவருக்கு நான்கைந்து நாள் ஓய்வு இல்லாவிட்டால் கை தாங்காது. ஒரு அணி ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடுது. அதனால் குறைந்தது ஐந்து ஸ்டார்ட்டர்கள் சுழற்சியில் இருக்க வேண்டும். அந்த ஐவரில் இரண்டு பேருக்காவது முழங்கையோ தோளோ பழுதாகும் எண்டு எல்லா அணிகளுக்கும் தெரியும். ஆகவே ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆளையும் முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும். இதைத்தான் அவர்கள் 'டெப்த்', அதாவது ஆழம் என்கிறார்கள்.

இண்டைக்கு இது சாதாரண சந்தை வேலை மாதிரித் தெரியும். காசு இருக்கிறவன் வாங்குவான், இல்லாதவன் பார்த்துக்கொண்டிருப்பான். ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன் அப்படி ஒரு சந்தையே இருக்கவில்லை. அதைத் திறந்து வைத்தவர்களில் முக்கியமானவர்கள் பிட்சர்கள்தான். அது தற்செயல் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒருமுறை கையெழுத்து, ஆயுள் முழுக்க உரிமை

1879 இல் தேசிய லீக் அணி உரிமையாளர்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். ஒவ்வொரு அணியும் ஐந்து வீரர்களை 'ஒதுக்கி' வைத்துக்கொள்ளலாம். அவர்களை வேறு அணி தொடக்கூடாது. பின்னர் இது எல்லா வீரர்களுக்கும் விரிந்து, ஒப்பந்தத்திலேயே ஒரு வாசகமாக ஏறியது. இதுதான் ரிசர்வ் விதி. வீரர் புது ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காவிட்டால், பழைய ஒப்பந்தத்தை அணியே ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கலாம். அந்த 'ஒரு வருடம்' என்பதை உரிமையாளர்கள் முடிவில்லாத தொடர் எண்டு வாசித்தார்கள். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கலாம், சாகும்வரை புதுப்பிக்கலாம்.

நீதிமன்றமும் உதவவில்லை. 1922 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் பேஸ்போலை மாநிலங்களுக்கு இடையிலான வணிகமாகக் கருத முடியாது எண்டு தீர்ப்பளித்தது. அதனால் ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாமல் போனது. 1953 இலும் அதே முடிவு. 1969 இல் சென். லூயிஸ் அணியின் கேர்ட் ஃப்ளட், தன்னைக் கேளாமல் பிலடெல்பியாவுக்கு மாற்றியதை ஏற்க மறுத்தார். வருடம் 90,000 டொலர் வாங்கிய, பெயர்பெற்ற கறுப்பின வீரர் அவர். நான் ஒரு சொத்து அல்ல என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். 1972 இல் உயர் நீதிமன்றம் 5 - 3 எண்ட கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்த்தது. அதற்குள் அவருடைய விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிட்டது.

இந்த முறையில் பிட்சர் தேடுவது எப்படி? ஒன்றில் பள்ளிக்கூடப் பெடியனைக் கண்டுபிடித்து வளர்க்க வேண்டும். இல்லையெண்டால் மற்ற அணியின் உரிமையாளரோடு கதைத்து ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். பிட்சரோடு கதைக்கத் தேவையே இல்லை. 1965 இல் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸுக்காக சாண்டி கோஃபாக்ஸ் 26 வெற்றியும் டொன் டிரைஸ்டேல் 23 வெற்றியும் பெற்றார்கள். அடுத்த வசந்தத்தில் இருவரும் சேர்ந்து, மூன்று வருடத்துக்குப் பத்து இலட்சம் டொலர் தராமல் வரமாட்டோம் எண்டு நின்றார்கள். 32 நாள் நின்று, கடைசியில் 125,000 க்கும் 110,000 க்கும் இறங்கினார்கள். வேறு அணிக்குப் போக வழியில்லாதவனின் மறியல் அவ்வளவுதான் போகும். அந்த வருட முடிவில் கோஃபாக்ஸ் முழங்கை வாதத்தோடு 30 வயதில் ஓய்வு பெற்றார்.

காப்புறுதிக்காரர் கட்டாத காப்புறுதி

1974 குளிர்காலம். ஒக்லண்ட் ஏ'ஸ் தொடர்ந்து மூன்றாவது தடவையாக உலகத் தொடரை வென்றிருந்தது. அதன் முதல் பிட்சர் ஜிம் ஹன்டர், 28 வயது. வட கரோலினாவின் ஹேர்ட்ஃபோர்ட் எண்ட சிறு ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 'கெட்ஃபிஷ்' எண்ட பட்டப்பெயர்கூட அவருடையது அல்ல. விளம்பரத்துக்காக அணி உரிமையாளர் சார்ளி ஃபின்லி வைத்தது. அந்த வருடம் 25 வெற்றி. அமெரிக்க லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதும் அவருக்குத்தான்.

அவருடைய சம்பளம் வருடம் 100,000 டொலர். அதில் பாதியைக் கையில் கொடுப்பது, மற்றப் பாதியை ஹன்டர் சொல்லும் காப்புறுதி நிறுவனத்தில் எதிர்கால வருமானமாகக் கட்டுவது எண்டு ஒப்பந்தம். ஃபின்லி கட்டவில்லை. அந்தத் தொகையை உடனடியாக வரியில் கழிக்க முடியாது எண்டு அவருக்குப் பிறகுதான் விளங்கியது. பகிடி என்னவென்றால், ஃபின்லி பணக்காரர் ஆனதே மருத்துவர்களுக்குக் காப்புறுதி விற்றுத்தான். பிரச்சினை வெளியே வந்தபோது 50,000 டொலருக்குக் காசோலை நீட்டினார். ஹன்டர் வாங்கவில்லை. ஒப்பந்தத்தில் இருப்பது அதல்ல எண்டார்.

இங்கே தொழிற்சங்கம் வருகிறது. உருக்குத் தொழிலாளர் சங்கத்தில் வேலை செய்த மார்வின் மில்லர், 1966 இல் பேஸ்போல் வீரர் சங்கத்துக்கு வந்திருந்தார். 1968 இல் முதல் கூட்டு ஒப்பந்தம். குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டொலரில் இருந்து 10,000 ஆனது. ஆனால் பெரிய வெற்றி 1970 இல் கிடைத்தது. வீரருக்கும் அணிக்கும் தகராறு வந்தால் உரிமையாளர்கள் நியமித்த கொமிஷனர் அல்ல, வெளியில் இருந்து வரும் நடுத்தீர்ப்பாளர் தீர்ப்பார் என்பது அந்த உரிமை. அண்டைக்கு அதைப் பலர் சின்ன விசயமாகத்தான் நினைத்திருப்பார்கள்.

நடுத்தீர்ப்பாளர் பீட்டர் சைட்ஸ் 1974 டிசம்பர் நடுப்பகுதியில் முடிவு சொன்னார். ஃபின்லி ஒப்பந்தத்தை மீறிவிட்டார். ஆகவே ஹன்டர் சுதந்திரமானவர். ரிசர்வ் விதியை இந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. ஒரேயொரு ஆள் கூட்டில் இருந்து வெளியே வந்தார், அவ்வளவுதான்.

அந்த ஒரு ஆளுக்காக அஹொஸ்கி என்கிற சின்ன ஊருக்கு, ஹன்டரின் சட்டத்தரணி அலுவலகத்துக்கு, 24 அணிகளில் ஏறக்குறைய எல்லாமே ஆள் அனுப்பின. எங்கட அணிகளிடம் காசு இல்லை, சம்பளம் கூட்டினால் விளையாட்டே அழியும் எண்டு பல வருடமாகச் சொன்ன அதே உரிமையாளர்கள், அந்த அறைக்குள் ஒருவரை ஒருவர் முந்தினார்கள்.

கடைசியில் வென்றது நியூயோர்க் யாங்கீஸ். அவர்களுக்குத் தேவையும் இருந்தது. 1974 இல் 89 ஆட்டம் வென்று, இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் பால்டிமோரிடம் பிரிவுப் பட்டத்தை இழந்திருந்தார்கள். பத்து வருடமாக அணியைத் தாங்கிய மெல் ஸ்டொட்டில்மையரின் தோள் அந்த ஜூனில் கிழிந்துபோனது. பட் டொப்சன், டொக் மெடிச் இருவரும் ஆளுக்கு 19 வெற்றி எடுத்திருந்தாலும் முதல் இடத்துக்கு ஆள் இல்லை. பெடியனாக இருந்தபோது ஹன்டரைக் கண்டுபிடித்த கிளைட் கிளட்ஸ் அப்போது யாங்கீஸுக்கு வேலை செய்துகொண்டிருந்தார். ஹன்டர் நம்பிய மனிதர் அவர். 1974 டிசம்பர் 31 ஆம் திகதி, ஐந்து வருடத்துக்கு, 35 இலட்சம் டொலரை ஒட்டிய தொகைக்குக் கையெழுத்தானது. அதில் ஆயுள் காப்புறுதியும் பிள்ளைகளின் படிப்புக்கான பணமும் அடக்கம். அதுவரை மிகப் பெரிய நட்சத்திரங்கள்கூட வருடம் இரண்டரை இலட்சத்துக்குள்தான் வாங்கினார்கள். சான் டியேகோவும் கன்சாஸ் சிட்டியும் இதைவிடக் கூடக் கொடுக்கத் தயாராக இருந்தன எண்டே செய்திகள் வந்தன. அப்படியெண்டால் ஹன்டர் தெரிவு செய்தார். ஒரு பேஸ்போல் வீரன் தான் எங்கே வேலை செய்வது எண்டு தானே தெரிவு செய்ததுதான், தொகையைவிடப் பெரிய செய்தி.

சங்கத்துக்குப் பல வருடப் பிரசாரத்தில் கிடைக்காத சான்று இரண்டு கிழமையில் கிடைத்தது. ரிசர்வ் விதி இல்லாவிட்டால் ஒரு கைக்கு என்ன விலை என்பது எல்லாருக்கும் தெரிந்துபோனது.

இரண்டு பிட்சர்கள், ஒரு வசனம்

அதே 1974 இல் டொட்ஜர்ஸில் இன்னொரு கதை. இடக்கைப் பிட்சர் டொமி ஜோனின் முழங்கைத் தசைநார் ஜூலையில் அறுந்தது. செப்டெம்பரில் மருத்துவர் ஃப்ராங்க் ஜோப், கையின் வேறு இடத்தில் இருந்து ஒரு நாரை எடுத்து முழங்கையில் பொருத்தினார். இன்று அந்தச் சத்திரசிகிச்சையின் பெயரே டொமி ஜோன். ஆனால் 1975 முழுக்க ஜோன் விளையாடவில்லை. பாரத்தை வேறு ஆட்கள் சுமக்க வேண்டும். அதிகம் சுமந்தவர் அண்டி மெஸ்ஸர்ஸ்மித். அந்த வருடம் 321 இனிங்ஸுக்கு மேல் எறிந்தார், தேசிய லீக்கில் வேறு யாரும் அவ்வளவு எறியவில்லை. 19 வெற்றி.

அதை அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்காமலே செய்தார். அவர் கேட்டது முக்கியமாக ஒன்று: என்னுடைய சம்மதம் இல்லாமல் என்னை வேறு அணிக்கு மாற்றக்கூடாது எண்டு எழுதித் தாருங்கள். டொட்ஜர்ஸ் மறுத்தது. பழைய ஒப்பந்தத்தைப் 'புதுப்பித்தார்கள்'. அவர் ஆடினார். வருடம் முடிந்ததும் சங்கம் கேட்டது: ஒரு வருடம் எண்டுதானே எழுதியிருக்கு? அந்த வருடம் முடிஞ்சுது. இனி இவர் யாருக்குச் சொந்தம்?

மெஸ்ஸர்ஸ்மித் இடையில் சமரசமாகிவிட்டால் வழக்கு போய்விடும் எண்டு மில்லருக்குப் பயம். ஆகவே டேவ் மக்னலியையும் சேர்த்தார். பால்டிமோரில் தொடர்ந்து நான்கு வருடம் 20 வெற்றியோ அதற்கு மேலோ எடுத்த பிட்சர் அவர். மொன்றியலுக்கு மாற்றப்பட்டு, கை ஓய்ந்து, 1975 ஜூனில் ஊருக்குத் திரும்பியிருந்தார். அவரும் கையெழுத்து வைத்திருக்கவில்லை. மொன்றியல் தலைவர் மொன்டானா மாநிலத்தில் இருந்த அவர் ஊருக்கே போய், கையெழுத்து வைத்தால் 25,000 டொலர் எண்டார். திரும்ப விளையாடும் எண்ணமே இல்லாத மனிதர் அந்தக் காசை மறுத்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வெற்றியால் அவருக்கு ஒரு சதமும் வரப்போவதில்லை.

1975 டிசம்பர் 23 அன்று அதே பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். ஒரு வருடம் என்றால் ஒரு வருடம்தான். முதலில் இரு தரப்பையும் பேசித் தீர்க்கச் சொல்லிப் பார்த்திருந்தார், உரிமையாளர்கள் கேட்கவில்லை. தீர்ப்பு வந்ததும் அவரை வேலையில் இருந்து நீக்கினார்கள். நீதிமன்றத்துக்குப் போய் அங்கேயும் தோற்றார்கள். மெஸ்ஸர்ஸ்மித் அட்லாண்டாவுக்குப் போனார். அணி உரிமையாளர் டெட் டேர்னர் அவருக்கு 17 ஆம் இலக்கச் சட்டையில் பெயருக்குப் பதிலாக 'சனல்' எண்டு போட்டுவிட்டார். டேர்னரின் தொலைக்காட்சி அலைவரிசையின் இலக்கம் 17! விடுதலை பெற்ற முதலாவது மனிதரின் முதுகில் முதலாளியின் விளம்பரம்.

ஏன் இந்தக் கதையில் இத்தனை பிட்சர்கள்? என்னுடைய விளக்கம் இது. பிட்சரின் கை வேலை செய்யச் செய்யத் தேய்கிறது, அது அவருக்குத் தெரியும். அடுத்த வருடம் இந்தக் கை இருக்குமா எண்டு தெரியாதவனுக்கு 'அடுத்த வருடமும் நீ எங்களுக்கே' என்ற வாசகம் மற்றவர்களைவிடக் கூடக் கசக்கும். அதே நேரம் அணிக்கும் அவர் இல்லாமல் ஆடத் தொடங்க முடியாது. இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் பேரம் பேசும் பலம் பிறந்தது.

கிடைத்ததும் விட்டதும்

1976 ஜூலையில் வந்த புதிய கூட்டு ஒப்பந்தப்படி, மேஜர் லீக்கில் ஆறு வருடம் சேவை செய்தவர் சுதந்திரமாகச் சந்தைக்கு வரலாம். எல்லாருக்கும் உடனே விடுதலை எண்டு சங்கம் ஏன் கேட்கவில்லை? மில்லரின் கணக்கு வேறு. எல்லா வீரரும் எல்லா வருடமும் சந்தைக்கு வந்தால் விலை விழும். கொஞ்சப் பேர் மட்டும் வந்தால் ஏறும். இதை விளங்கிக்கொண்ட ஒரே உரிமையாளர் ஃபின்லி. எல்லாரையும் விட்டுவிடுங்கோ எண்டு அவர் சொன்னதை மற்றவர்கள் கேட்கவில்லை. 1976 இல் ஏறத்தாழ 50,000 டொலராக இருந்த சராசரிச் சம்பளம் 1980 இல் 140,000 ஐத் தாண்டியது. ஃபின்லியின் அணி கலைந்து 1977 இல் தன் பிரிவில் கடைசி இடத்துக்குப் போனது.

எங்கட கிரிக்கெட்டுக்கும் இதே கேள்வி உடனேயே வந்தது. 1977 இல் கெரி பக்கரின் தொடருக்குப் போனவர்களைத் தடை செய்ய முயன்றபோது, அது தொழில் செய்யும் உரிமையைத் தடுப்பது எண்டு இங்கிலாந்து மேல் நீதிமன்றம் அந்த நவம்பரில் தீர்த்தது.

பேஸ்போல் உரிமையாளர்கள் சும்மா இருக்கவில்லை. 1985, 1986, 1987 பருவங்களுக்குப் பிறகான மூன்று குளிர்காலங்களில், ஒருவர் ஆளை மற்றவர் வாங்குவதில்லை எண்டு இரகசியமாக ஒத்துக்கொண்டார்கள். டிட்ரொயிட்டின் ஜக் மொரிஸ் 1986 இல் 21 வெற்றி எடுத்த ஸ்டார்ட்டர். அந்த டிசம்பரில் தன் சொந்த மாநிலமான மினசோட்டாவின் அணியிடம் தானே போய்க் கேட்டார். இல்லை. யாங்கீஸிடம் கேட்டார். இல்லை. எந்த அணிக்கும் பிட்சர் தேவையில்லாத ஒரு குளிர்காலம்! நம்ப முடியுமா? நடுத்தீர்ப்பாளர்களும் நம்பவில்லை. 1990 இல் உரிமையாளர்கள் வீரர்களுக்கு 280 மில்லியன் டொலர் நட்டஈடு கொடுக்க ஒத்துக்கொண்டார்கள். மொரிஸ் 1991 இல் மினசோட்டாவுக்குப் போனார். அந்த வருட உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பத்து இனிங்ஸும் தானே எறிந்து 1 - 0 எண்டு வென்று கொடுத்தார்.

ஹன்டர்? 1975 இல் யாங்கீஸுக்கு 328 இனிங்ஸ் எறிந்து, 30 ஆட்டங்களைத் தனி ஆளாக முடித்தார். அதற்குப் பிறகு எவரும் 30 ஐ எட்டவில்லை. ஆனால் 1977 இல் அவர் எறிந்தது அதில் அரைவாசிக்கும் குறைவு. தோள் போனது, சலரோகமும் வந்தது. ஒப்பந்தம் முடிந்த 1979 இல், 33 வயதில் ஓய்வு. யாங்கீஸ் அதற்குள் 1977, 1978 இரண்டு வருடமும் பட்டம் வென்றுவிட்டது. 1999 இல், 53 வயதில் நரம்பு நோயால் ஹன்டர் இறந்தார். வாங்கிய தொகை கூட எண்டு சொல்பவர்கள், எறிந்த இனிங்ஸையும் எண்ண வேண்டும்.

'ஆழம்' என்பது யார்?

இன்றைக்கு 200 இனிங்ஸ் எறிகிற ஸ்டார்ட்டர்களை விரல்விட்டு எண்ணலாம். ஆகவே ஆட்கள் முன்னரைவிடக் கூடத் தேவை. 2023 டிசம்பரில் டொட்ஜர்ஸ், ஜப்பானின் யொஷினொபு யமமொட்டோவுக்கு 12 வருடத்துக்கு 325 மில்லியன் டொலர் கொடுத்தது. அடுத்த ஒக்டோபரில் அதே அணிக்குக் காயங்களால் மிஞ்சியது மூன்று ஸ்டார்ட்டர்கள்தான். பட்டத்தை வென்றார்கள், ஆனால் சில ஆட்டங்களை ஸ்டார்ட்டரே இல்லாமல் துண்டு துண்டாக எறிந்துதான் ஒப்பேற்றினார்கள்.

325 மில்லியன் செய்தியில் வரும். 'ஆழம்' செய்தியில் வராது. அது மைனர் லீக்கில் காத்திருக்கும் எட்டாவது, ஒன்பதாவது பிட்சர். தேவைப்படும்போது மேலே கூப்பிட்டு, இரண்டு ஆட்டம் எறியவிட்டு, திரும்பக் கீழே அனுப்புவார்கள். ஒருவரை இப்படி ஒரு பருவத்தில் ஐந்து தடவைக்கு மேல் கீழே அனுப்பக்கூடாது எண்டு 2022 ஒப்பந்தத்தில்தான் வரம்பு வந்தது. மேலே இருக்கும் நாட்கள்தான் அந்த ஆறு வருடக் கணக்கில் சேரும். பலருடைய விளையாட்டு வாழ்க்கை ஆறு வருடத்தை எட்டுவதே இல்லை.

மைனர் லீக் வீரர்களை மில்லரின் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. 2018 இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, அவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளப் பாதுகாப்பில் பெரும் பகுதியை எடுத்துவிட்டது. 2022 செப்டெம்பரில்தான் அவர்கள் வீரர் சங்கத்துக்குள் வந்தார்கள். அடுத்த வருடம் வந்த முதலாவது கூட்டு ஒப்பந்தத்தில் மேல்மட்ட மைனர் லீக்கின் குறைந்தபட்சம் ஏறத்தாழ இரண்டு மடங்காகி 35,800 டொலர் ஆனது. மக்னலி அந்த 25,000 டொலரை மறுத்து 47 வருடம் கழிந்திருந்தது.

விடுதலை வந்தது, ஆனால் வரிசைப்படி வந்தது. முதலில் நட்சத்திரத்துக்கு, பிறகு ஆறு வருடம் தாக்குப்பிடித்தவனுக்கு, கடைசியில்தான் கூப்பிட்டால் வர ஆயத்தமாக நிற்கிறவனுக்கு. வழக்குப் போட்ட ஃப்ளட் அந்த வரிசையிலேயே இல்லை. அவர் 1997 இல் இறந்தார், அவர் பெயரில் சட்டம் 1998 இல் வந்தது. அடுத்த டிசம்பரில் 'இந்த அணிக்குப் பிட்சிங்கில் ஆழம் தேவை' எண்டு ஒரு செய்தி கண்ணில் பட்டால், அந்த ஆழத்தில் நிற்கிற ஆளுக்கு எத்தனை நாள் சேவை எழுதப்பட்டிருக்கு எண்டும் ஒருக்கா தேடிப் பாருங்கோ.